நாலாவது முடி

"உங்கக்கா ஆபீஸ்ல ஈ ஓட்டுறாளாமே?" என்று யாராவது கேட்டால், "ஆமா, சம்பளத்தோட" என்பேன். அருங்காட்சியகத்தில் என் அக்காவுக்கு வேலையே ஈதான். எள்ளைவிடச் சின்ன ஈக்களை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, முதுகு முடியை எண்ணி, இன்ன வகை என்று பிரிப்பாள். படமும் எடுப்பாள். அந்த லென்ஸில் ஒரு நேரத்தில் மயிரிழை ஆழம்தான் தெளிவாகத் தெரியும். அதனால் முதுகிலிருந்து கால்வரை கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி இறக்கி எடுத்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒரே படமாகச் சேர்ப்பாள். நடுவில் ஈ இம்மி நகர்ந்தாலும் ஒரு முடி இரண்டாகத் தெரியும். அப்படி ஆன படத்தை உடனே அழித்துவிடுவாள்.

பக்கத்து மேஜைக்காரன் ஒருவன், வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்பான். பாவி! அக்கா கண்டுபிடித்த புது ஈயை, அவள் காய்ச்சலில் கிடந்தபோது, அவள் எடுத்த படங்களோடு தன் பேரில் எழுதி அச்சேற்றிவிட்டான். இந்தத் துறையில் முதலில் எழுதியவன் பேர்தான் ஈயின் பேரோடு காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். கிடைத்திருந்த அந்த ஒரே ஈயையும் எங்கோ அனுப்புகிறேன் என்று தபாலில் நொறுங்கவிட்டான். மிஞ்சியது படம் மட்டும். அக்கா சண்டை போடவில்லை, உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் சாதாரண ஈ ஒன்றின் படத்தில் மூன்று முடி நான்காகத் தெரிந்தது. அக்கா அதை அழிக்கவில்லை. 'புதுசா?' என்று பேர் வைத்து, எல்லோரும் திறக்கிற கம்ப்யூட்டரில் விட்டுவைத்தாள். அவன் சோம்பேறி, ஈயை எடுத்துக்கூடப் பார்க்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

ஆண்டுக் கூட்டத்துக்கு வேடிக்கை பார்க்க நானும் போனேன். பக்கத்து மேஜைக்காரன் அந்தப் படத்தைத் திரையில் போட்டு, நாலாவது முடியைக் காட்டி, புது இனம், புது இனம் என்று அளந்துகொண்டிருந்தான்.

"ஈயையே காட்டேன் தம்பி, எல்லாரும் பார்க்கட்டும்" என்றாள் அக்கா.

ஈயைக் கொண்டுவந்து வைத்ததும் துறைத் தலைவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். "மூணுதானேப்பா இருக்கு?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது.

தலைவர் அக்காவிடம் திரும்பினார். "அப்ப இவர் முன்னாடி எழுதின ஈ? அந்தப் படம் நீங்க எடுத்ததுதானேம்மா? அது நிஜமா? நீங்க ஆமான்னா இருக்கட்டும், இல்லைன்னா நீக்கிடலாம்."

"பேரை மாத்த முடியுமா சார்?"

"அச்சாயிடுச்சேம்மா. அவர் பேர்தான் நிக்கும்."

"அக்கா..." என்றான் அவன், அழாத குறையாக.

அக்கா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "அதுவும் இப்படித்தான் சார். ஒரு முடி ரெண்டாத் தெரிஞ்சது."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் கேட்டேன். "அது நிஜமான ஈதானேக்கா?"

"நிஜம்தாண்டி. என் கண்ணால பார்த்தேன். அவன் பேரைச் சொல்லிக்கிட்டு இருக்கிறதுக்கு அது இல்லாமலே போகட்டும்."

சொன்னவள் பஸ் என்றும் பாராமல் ஓவென்று அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நிறுத்தம் தாண்டி மூக்கைத் துடைத்துக்கொண்டவள், என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அவன் மூஞ்சியைப் பார்த்தியாடி?"