ஒரே ஊசி

மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் நானும் மனைவியின் தம்பி குமாரும் கையில் பச்சை குத்திக்கொண்டோம். எல்லோருக்கும் ஒரே ஊசி. அதனால் எச்.ஐ.வி. தொற்றலாம் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். மனைவி மாசமாக இருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஊர் திண்டிவனத்தில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் எடுக்கும் இடத்தில், என்னைப் போலவே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குமார் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா மாமா, நீயுமா?"

"உங்கக்காகிட்ட சொல்லிடாதடா."

"நான் வந்ததயும் சொல்லாத மாமா."

இருவருக்கும் ஒன்றும் இல்லை என்றார் நர்சம்மா. மூச்சு விடுவதற்குள், "கிருமி ரத்தத்துல தெரிய நாளாகும். மூணு மாசம் கழிச்சு இன்னொரு வாட்டி பாக்கணும். அதுவரைக்கும் ஆணுறை போடணும்" என்றார்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். அழுதாள். பிறகு, "எனக்கும் பாக்கணும், கெளம்பு" என்றாள்.

திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கே போனோம். அவளுக்கும், மூன்று மாதம் கழித்து எனக்கும் குமாருக்கும், ஒன்றும் இல்லை. அதுவரை பயந்துகொண்டேதான் இருந்தேன். ஆனால் முகத்தை மூடவில்லை.