மணிக்கட்டில் இறுகாத ரப்பர்

நோர்வேயில் சுழியோடியாக வேலை செய்யும் என் தம்பி லீவில் எங்கள் ஊரான தொண்டைமானாற்றுக்கு வந்தபோது, உடம்பு நனையாத தன் சுழியோடும் உடுப்பையும் கொண்டுவந்தான். மணிக்கட்டு ரப்பர் தளர்ந்து தண்ணீர் உள்ளே போகிறதாம், என்னைத் திருத்தித் தரச் சொன்னான். கட்டைக்காற்சட்டையோடு கடலட்டை பிடிக்க மூழ்குகிறவன் நான். அதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது.

போட்டுக்கொண்டு வாளித் தண்ணீருக்குள் கையை விட்டேன். ஒரு சொட்டும் போகவில்லை.

"அண்ணை, உங்கடை கைக்கு அளவாக் கிடக்கு. என்ரை கைதான் மெல்லிசு."

"அப்ப எனக்கு விட்டிட்டுப் போவன்."

"பகிடி விடாதேங்கோ," என்று சிரித்தான்.

நான் பகிடி விடவில்லை. சைக்கிள் ரியூப்பை வளையமாக வெட்டி, ரப்பரின் உட்பக்கம் ஒட்டி, அவனுக்கு அளவாக இறுக்கினேன். காய்ந்தபின் என் கையை விட்டுப் பார்த்தேன். ஏறவில்லை.