சாருக்கு ஒரு சாயா

பிளஸ் டூ முடித்த கையோடு எங்களை வேலைக்கு எடுத்துக்கொண்ட கம்பெனி, முதல் நாளே எங்கள் தலையில் மஞ்சள் ஹெல்மெட்டை வைத்து ஒரு போட்டோ எடுத்தது. ஏசி ஓடுகிற நான்காவது மாடியில் எதற்கு ஹெல்மெட் என்று யாரும் கேட்கவில்லை. போட்டோ முடிந்ததும் அவற்றைத் திருப்பி வாங்கி அலமாரியில் பூட்டினார்கள். அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு வேண்டுமாம்.

திட்டம் இதுதான். பகலில் ஆபீசில் டிராயிங் போடப் பழக வேண்டும், சாயங்காலம் கல்லூரியில் வகுப்பு. முதல் வருஷ முடிவில் ஒரு டிராயிங்கைத் தனியாகப் போட்டு, செக்கிங் பார்க்கிறவரிடம் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிட்டால் டிகிரி முடியும்வரை ஃபீஸைக் கம்பெனி கட்டும், வேலையும் நிலைக்கும். வாங்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். என்னை பி.டெக் படிக்கவைக்க எங்கள் வீட்டில் வழியில்லை. எனக்கு இருந்தது இந்த ஒரு வாசல்தான்.

கிழக்கேகோட்டையில் எங்கள் எதிர்வீட்டு மாமிக்கு இதில் தனி அக்கறை. "பி.டெக் சேரலையாடி? மார்க் போறலையோ?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். அவள் பிள்ளை பி.டெக் முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து ஏதோ தேர்வுக்குப் படித்துக்கொண்டேயிருந்தான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன்.

ஆபீசில் மாதம் ஒருமுறை எங்களைக் கூட்டிவைத்து, நாமெல்லாரும் ஒரே குடும்பம் என்று சொல்வார்கள். அந்தக் குடும்பத்தில் பி.டெக்காரர்கள் ஜன்னலோர மேஜையில் சாப்பிடுவார்கள், நாங்கள் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில். வெளியாட்கள் சுற்றிப்பார்க்க வந்தால் மட்டும் எங்களை 'இளம் இன்ஜினியர்கள்' என்பார்கள். மற்ற நாளெல்லாம் வெறும் 'பிள்ளேர்', பொடிசுகள்.

செக்கிங் பார்த்த சார் களியக்காவிளைப் பக்கத்துக்காரர், என்னிடம் அந்தப் பக்கத்துத் தமிழில் பேசுவார். திரையில் பார்த்தால் அவருக்கு ஒன்றும் ஏறாது. எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். கையில் சிவப்புப் பேனாவோடுதான் உட்காருவார். சேர்ந்த சில நாட்களிலேயே எனக்கு முந்தைய வருஷத்து மலையாளிச் சேச்சி ஒருத்தி என்னைத் தனியாக அழைத்து அந்த ஆபீசின் மந்திரத்தைச் சொல்லிக்கொடுத்தாள்.

"எடீ, கிளீனா குடுக்காதே. கண்ணுல படற மாதிரி ஒரு தப்பு வெச்சிடு. அதுக்குப் பேரு சாருக்கு ஒரு சாயா. அதக் குடிச்சிட்டு சார் சந்தோஷமா ஒப்பு போட்டுடும்."

எல்லாருமே வைத்தார்கள். ஒருவன் அளவை மாற்றிப் போடுவான், இன்னொருத்தி வடக்கைத் தெற்காக்குவாள். சார் கண்டுபிடித்து, வட்டம் போட்டு, ஐந்து நிமிஷம் உபதேசித்து, கையெழுத்துப் போடுவார். பி.டெக்காரர்களும் இதையேதான் செய்தார்கள். நான்கு வருஷம் படித்து அவர்கள் கற்றுக்கொண்டதில் தினமும் பயன்பட்டது இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அவர்கள் எல்லாரையும் பார்த்தால் இளக்காரமாக இருந்தது.

நான் வைக்கவில்லை. என் டிராயிங்கைச் சார் கையில் எடுத்தால் கீழே வைக்க மாட்டார். மூக்குக்கு அருகே கொண்டுபோவார், தள்ளிப் பிடிப்பார், கண்ணாடியைத் துடைப்பார்.

"இதில ஒண்ணும் காணலியே மோளே."

"ஒண்ணும் இல்ல சார்."

"அப்பிடி வராதே. எங்கியாவது ஒண்ணு கெடக்கும். இங்க இருக்கட்டு, நான் பாக்கேன்."

அங்கே இருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்து, இந்தக் கோடு கொஞ்சம் தடிமன், அந்த எழுத்து கொஞ்சம் சிறிசு என்று திரும்பி வரும். மாற்றிக் கொடுத்தால், பழையதே தேவலை என்பார். வருஷ நடுவில் கொடுத்த மதிப்பீட்டில் என்னைப் பற்றி 'வேகம் போதாது' என்று இருந்தது. தப்பு வைக்கிறவர்கள் எல்லாரும் வேகமானவர்கள்.

வருஷ முடிவுத் தேர்வுக்கு எனக்குக் கிடைத்தது, கல்லாற்றில் ஒரு விடுதிக்காரர் கேட்டிருந்த இரும்புப் படிக்கட்டு. விடுதியிலிருந்து பாறையை ஒட்டி ஆற்றுக்கு இறங்க வேண்டும். முதல் தாளில் படிகளும் கைப்பிடியும், இரண்டாவது தாளில் படிக்கட்டைப் பாறையோடு பிடித்து நிறுத்துகிற போல்ட்டுகளும் வெல்டிங்கும். தேர்வுக்கு முந்தின ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா ஓர் அரசு ஆபீசில் கிளார்க். அதிகாரிகள் கையெழுத்திட வேண்டியதை எழுதிக் கொடுப்பது அவர் வேலை. என்னோடு சேர்ந்து சாரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் ரசத்தைக் கையில் ஏந்திக் குடித்துவிட்டு, "ஒரு தப்புதானேடி, வெச்சுக் குடுத்துட்டாப் போச்சு," என்றார்.

"எப்படிப்பா?"

"நான் இத்தனை வருஷமா அப்படித்தான் பண்ணிண்டிருக்கேன். தேதியப் போடாம விட்டுடுவேன். 'என்னய்யா, தேதி எங்க?'ம்பார் ஆபீசர். தலையச் சொறிஞ்சுண்டு நிப்பேன். அப்பறம் மடமடன்னு கையெழுத்து விழும். பெரிய மனுஷாளுக்கு எதாவது ஒண்ணு கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான். பாவம்."

அவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். சாரையோ சேச்சியையோ இளக்காரமாகப் பார்ப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. இந்த மனிதர் வேண்டுமென்றே தேதியை விட்டுவிட்டு, யாரோ ஒருவர் முன்னால் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்று வாங்கிய சம்பளத்தில்தான் நான் இவ்வளவு நிமிர்ந்து நடந்திருக்கிறேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் டிராயிங்கைச் சுத்தமாகப் போட்டு முடித்தேன். பிரிண்ட் எடுப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுத்தமாகக் கொடுத்தால் அன்றைக்குக் கையெழுத்து விழாது. பிறகு, ஆற்றுப் பக்கம் இருக்க வேண்டிய கைப்பிடியைத் தூக்கிப் பாறைப் பக்கம் வைத்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகாத குழந்தைக்குக்கூடத் தெரிகிற தப்பு. வைப்பதுதான் என்றால் பெரிதாகவே வைப்போம் என்று இருந்தது.

சார் தாளைக் கையில் வாங்கியதுமே முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஒரு வருஷத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"மோளே, ஆத்துப் பக்கம் பிடி எங்க? ஆளு நேர வெள்ளத்திலல்லா போவான்?"

"அய்யோ, கவனிக்கல சார்."

"கவனிக்கணும் கேட்டியா. ஒரு சின்ன விஷயமாக்கும், ஆனா ஒரு உயிரு."

பெரிய வட்டமாகப் போட்டார். தம் அனுபவத்தில் இதுபோல் கண்டுபிடித்த வேறு சிலவற்றைச் சொன்னார். பிறகு, "இத மாத்திட்டு நேர அனுப்பிரு, இனி என்கிட்ட கொண்டு வரண்டாம். நீ இப்பம் பணி படிச்சுப் போட்டே," என்று கையெழுத்துப் போட்டார். இரண்டாவது தாளை அவர் புரட்டவே இல்லை. அந்தப் படிக்கட்டு எதைப் பிடித்துக்கொண்டு பாறையில் நிற்கப்போகிறது என்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

என் இடத்துக்குத் திரும்பி, கைப்பிடியை ஆற்றுப் பக்கம் மாற்றினேன். இரண்டாவது தாளை நானே உட்கார்ந்து முதலிலிருந்து சரிபார்த்தேன், பிறகு இன்னொரு தடவையும். அனுப்பிவிட்டு வராந்தாவுக்குப் போய் அப்பாவுக்கு போன் செய்தேன்.

"ஆச்சா?" என்றார்.

"ஆச்சு."

அந்தப் பக்கம் கொஞ்சம் தயங்கினார். "வெச்சியா?"

"வெச்சேன்."

"கண்டுபிடிச்சுட்டாரா?"

"உடனே."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "நான் சொன்னேனோல்லியோ," என்றார். பக்கத்திலிருந்த யாரிடமோ, "என் பொண்ணு பெர்மனென்ட் ஆயிட்டா," என்று சொல்வதும் கேட்டது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, நான் என்ன தப்பு வைத்தேன், அவர் எப்படிக் கண்டுபிடித்தார், நான் முகத்தை எப்படி வைத்துக்கொண்டேன் என்று ஒன்றுவிடாமல் கேட்டார். ஒரே ஆபீசில் வேலை பார்க்கிற இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல் நாங்கள் அவ்வளவு நேரம் அதற்குமுன் பேசியதே இல்லை. நானும் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.