அண்ணனின் ஜாடி

மீ நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளப் பச்சை மிளகாய் ஊறவைக்கலாம் என்று ஈப்போவில் மகள் வீட்டு அடுப்படியில் சூக்கா என்னும் வினிகர் போத்தலைத் திறந்தேன். அந்தப் புளிப்பு வாடை மூக்கில் ஏறியதும் என் அண்ணி கண்முன் வந்து நின்றுவிட்டார். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில், பால் ஸ்டோரில், இருவரும் ஒன்றாக வேலை செய்தோம். ரப்பர் பாலைத் தொட்டியில் ஊற்றி, தண்ணீர் கலந்த ஆசிட்டை விட்டால் உறைந்து கட்டியாகும். அதை மெஷினில் கொடுத்துத் தகடுபோல் சீட்டாக்குவோம். நான் வாய் திறக்காதவள். எனக்கும் சேர்த்துப் பேசியது அண்ணிதான்.

ஒரு மழைக்காலத்தில் பாலம் மூழ்கி, ஆசிட் லாரி வரவில்லை. தொட்டி நிறையப் பால். உறையாவிட்டால் நாறிப்போகும், எங்கள் கூலியும் போகும். கணக்கெழுதும் கிராணியார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அண்ணி மட்டும் தொட்டியையே பார்த்துக்கொண்டு, "ஆசிட்டும் புளிப்புதானே லா. புளிச்சது எதுவா இருந்தா என்ன?" என்றார். நேராகக் கள்ளுக்கடைக்குப் போய், விற்காமல் நாள்பட்டுப் புளித்த கள்ளை வாளிகளில் கொண்டுவந்தார். போதாதென்று, அண்ணன் வீட்டில் ஒளித்து வைத்திருந்த கள் ஜாடியையும் தூக்கிவந்தார்.

"அண்ணே கத்துவாரு, அண்ணி."

"கத்தட்டும். நீ கலக்கு புள்ள."

சாயங்காலம்வரை பால் பாலாகவே கிடந்தது. சாமியை வேண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். காலையில் அண்ணி விரலால் அமுக்கினார், பால் உறைந்து தளதளவென்று ஆடியது. சீட்டெல்லாம் புகைவீட்டில் கள் மணத்தோடு தொங்கின. அண்ணன் வந்து, "என் ஜாடி எங்கடி?" என்றார். "சீட்டா தொங்குது, போய் நக்கிக்கங்க" என்றார் அண்ணி. கிராணியார் சிரிப்பை மறைக்க வெளியே போனார்.

இதைச் சொன்னதும், இடைநிலைப்பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் மகள் ஒரு தாளில் வரைந்தாள். ஒரு கார்பன், அதனோடு இரட்டைக் கோட்டில் ஓர் ஆக்சிஜன், இன்னொரு பக்கம் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்ட ஆக்சிஜன். "இதாம்மா இந்த ஆசிட் குடும்பத்து அடையாளம். அந்த ஹைட்ரஜன விட்டுக்கொடுக்கும், அதான் புளிப்பு. பால்ல விலகி விலகி நிக்கிற துளியெல்லாம் அது வந்ததும் ஒன்னாச் சேந்துக்கும்." எங்கள் ஸ்டோர் ஆசிட்டில் அந்தக் கார்பனின் மிச்சக் கை வெறும் ஹைட்ரஜனைப் பிடித்திருக்குமாம். சூக்காவிலும் புளித்த கள்ளிலும் அங்கே இன்னொரு கார்பன் வால் மாதிரி ஒட்டியிருக்குமாம். வால் உள்ளது கொஞ்சம் சாது, கூடுதலாக ஊற்ற வேண்டும் என்றாள்.

"அதான் அண்ணன் ஜாடியும் வேண்டியிருந்துச்சு" என்றேன்.

தஞ்சோங் மாலிமில் தன் மகன் வீட்டில் அண்ணனோடு இருக்கும் அண்ணிக்குப் போன் போட்டு, ஸ்டோர் ஆசிட்டும் புளித்த கள்ளும் ஒரே குடும்பமாம் என்றேன். "இப்பத்தான் தெரியுதாக்கும்? உங்கண்ணன் இன்னும் ஜாடியக் கேட்டுக்கிட்டிருக்காரு" என்று சிரித்தார்.

மிளகாயை ஒரு ஜாடியில் போட்டு, சூக்காவை விளிம்புவரை ஊற்றி மூடினேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் அண்ணன் கையில் நானே கொடுக்கப்போகிறேன். "இந்தாங்கண்ணே உங்க ஜாடி" என்று சொல்ல வேண்டும். இப்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.