ரிலேக்கு வைத்த பொட்டு

ரயில் இஞ்சினுக்கு எலக்ட்ரீஷியன் என்று சொன்னால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் புரிவதில்லை. இருபத்தைந்தாயிரம் வோல்ட்டோடு குடித்தனம் நடத்துகிறவனைக் கூப்பிட்டு மிக்ஸியை ரிப்பேர் பண்ணச் சொல்வார்கள். எனக்கு மிக்ஸி ரிப்பேர் வராது என்பது என் மனைவிக்கு மட்டுமே தெரிந்த மானக்கேடு.

என் வேலை என்னவென்று அவளாவது பார்க்கட்டுமே என்று போன ஆயுத பூஜைக்கு இஞ்சின் ஷெட்டுக்கு அழைத்துப் போனேன். வருஷத்தில் அன்றைக்குத்தான் குடும்பங்களை உள்ளே விடுவார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து பட்டுப்புடவையில் பஸ் ஏறி வந்தவளிடம் கொஞ்சம் பந்தா காட்ட வேண்டாமா? வாழைக்கன்று கட்டிய இஞ்சினில் ஏற்றி, டிரைவர் அறைக்குப் பின்னால் இருந்த பேனலைத் திறந்து, மூடி கழற்றித் துடைத்து வைத்திருந்த ரிலேக்களை, அதாவது தானாக இயங்கும் சின்ன ஸ்விட்சுகளைக் காட்டினேன். இந்த நகக்கண் அளவு முனைகள் தொட்டுக்கொண்டால்தான் பிரேக்குக்குக் காற்றடைக்கும் கம்ப்ரஸர் ஓடும், அது ஓடினால்தான் வண்டி நகரும், என் கை நாள் பூராவும் இதற்குள்தான் இருக்கும் என்று அளந்தேன். அதற்குள் கீழே சுண்டல் கொடுக்க ஆரம்பித்தார்கள். சுண்டல் விஷயத்தில் நான் தாமதிப்பதில்லை. திரும்பி வந்து, உள்ளே பார்க்காமலே எல்லாவற்றையும் மூடினேன்.

மறுநாள் நிலக்கரி வண்டியை இழுத்துப் போன அந்த இஞ்சின் எண்ணூர் பக்கம் படுத்துவிட்டது. கம்ப்ரஸர் ஓடவில்லையாம். என்னையும், என்னோடு ஜோடியாக வேலை பார்க்கும் ராயபுரத்து பாயையும் ஓடச் சொன்னார்கள். பேனலைத் திறந்தேன். ஒவ்வொரு ரிலேக்கும் சந்தனம், குங்குமம். மற்றதெல்லாம் நெற்றியில் வாங்கியிருந்தன. கம்ப்ரஸர் ரிலே மட்டும் வாயில் வாங்கியிருந்தது. இரண்டு முனைகளுக்கும் நடுவில் சந்தனம் காய்ந்து கெட்டியாகிவிட்டிருந்தது.

"இன்னா மாமு, பூசை முடிஞ்சி இன்னும் மூஞ்சி கழுவல போலகீதே" என்றார் பாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சுண்டலுக்கு இறங்கிய நேரத்தில் என் மனைவி பார்த்த வேலை. காரணம் தெரிந்தால் மெமோ நிச்சயம், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பிரமோஷனும் போச்சு.

எங்கள் பின்னாலேயே வந்த அதிகாரி மூச்சிரைக்க ஏறி வருவதற்குள் பாய் தன் கர்ச்சீப்பால் எல்லாவற்றையும் துடைத்து, அதைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"என்னய்யா பிரச்சனை?"

"பவர் ஹவுஸ் சாம்பல் சார். எண்ணூருல காத்தே அதுதான சார்" என்றார் பாய்.

அதிகாரி அங்கேயே இருமினார். அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. இத்தனை வருஷம் எங்கள் நுரையீரலில் ஓசியில் குடியிருந்த சாம்பல் அன்றைக்குத்தான் வாடகை கொடுத்தது.

அவளை எப்படியெல்லாம் திட்டுவது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே கேட்டாள்.

"வண்டி நல்லா ஓடுதாய்யா?"

"அந்தப் பொட்டிக்குள்ள எதுக்கு மே பொட்டு வெச்ச?"

"உன் கை அதுக்குள்ளதான் கீதுன்னு நீதான சொன்ன. தெனம் நீ வூடு திரும்பற வரிக்கும் எனக்கு பேஜாராத்தான் கீது. கரண்டு உன்ன ஒண்ணியும் பண்ணக்கூடாதுன்னு வேண்டிகினு வெச்சேன்."

இத்தனை வருஷமாக அவள் பயந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவள் வேண்டுதல் பலித்துத்தான் இருந்தது. அந்த ரிலேயில் ஒரு பொட்டு கரண்ட்கூடப் போகவில்லை.

"ஜம்முனு ஓடுது மே" என்றேன்.