ராணி பிழைத்த கதை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் உலகம் முழுவதையும் படித்துவிடக் கிளம்பியவர் எங்கள் சித்தப்பா ஒருவர்தான். ரயில்வேயில் சாதாரணக் குமாஸ்தா. லண்டன்காரர்கள் நடத்தும் ஏதோ பரீட்சைக்காகக் கிரேக்கம், பாரசீகம், சீனம் என்று பல தேசத்துப் பழங்கதைகளை ஆங்கிலத்தில் வாங்கி அடுக்கியிருந்தார். பாஸானால் துரைக்குப் பக்கத்தில் நாற்காலி கிடைக்கும் என்று வீட்டில் பேச்சு.

நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த சமயம். ஒரே வீட்டில்தான் எல்லோரும் இருந்தோம். சித்தி நெஞ்சுச் சளி என்று படுத்திருந்தார். அறைக்குள் எனக்கு அனுமதி இல்லை, வாசற்படியில் உட்காரலாம். வேலை விட்டு வந்ததும் சித்தப்பா கட்டிலருகே அமர்ந்து, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் கதை சொல்வார். அவருடைய பாரசீகத் தோட்டத்தில் ரம்புத்தான் பழுக்கும். கிரேக்கர்களின் கப்பல்கள் எங்கள் குடியிருப்புப் பக்கம் ஓடும் கிள்ளான் ஆற்றுக்குள் மெல்ல நுழையும். ரயில்வே பட்டறைச் சங்கு ஊதினால், அது எந்தத் தேசத்துச் சங்கு என்றே எனக்குத் தெரியாது. எல்லாக் கதையிலும் கடைசியில் ராணி பிழைத்துக்கொள்வாள். சித்தி கண்ணை மூடியபடி சிரிப்பார்.

ஒரு மத்தியானம், பாதியில் நின்ற கதையின் மிச்சத்தைச் சித்தியிடம் கேட்டேன். கல்யாணத்துக்கு முன் கான்வென்டில் இங்கிலீஷ் படித்தவர் அவர்.

“அவ செத்துப் போயிடுவா கண்ணு. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. சித்தப்பாகிட்ட சொல்லிடாதே.”

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. மாலையில் சித்தப்பா புத்தகத்தைத் திறந்ததுமே கேட்டுவிட்டேன்.

“ராணி செத்துப் போயிடுவாளாமே, சித்தப்பா? சித்தி சொல்றாங்க!”

சித்தப்பா புத்தகத்தை மூடப் போனார். சித்தி கையை நீட்டி அவர் முழங்கையைத் தொட்டார்.

“இவ கிடக்கறா, சின்னப் பொண்ணு. நீங்க எப்பவும் போலச் சொல்லுங்க. எனக்கு உங்க கதைதான் வேணும்.”

சொன்னார். ராணி நோய் தெளிந்து எழுந்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். புதுப்புடவை கட்டிக்கொண்டு, காய்கறி வாங்கப் பாசாருக்கே போய்விட்டாள். நடுவில் சித்தப்பாவின் குரல் கரகரத்தது. ரயில் கரிப்புகை என்று எண்ணி, ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

அடுத்த வாரமே என்னைக் கிள்ளான் பட்டணத்தில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சித்தியை நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். கிளம்பும்போது சன்னலருகே போய், “பார்த்தீங்களா சித்தி, ராணி பிழைச்சுட்டா! நீங்க சொன்னது தப்பு” என்று கத்தினேன்.

ஆமாம் என்று தலையாட்டினார். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் நான் வண்டியில் ஏறிக்கொண்டேன்.