தெற்கு கோலுக்கு முன்னால் வெட்டிய பதுங்குகுழி

காலை ஃபுட்பால் ப்ராக்டீஸில் எங்கள் கோல்கீப்பர் பொன்னுசாமியின் வலது கால் கணுக்கால் வரைக்கும் மண்ணுக்குள் போனது. நல்ல வேளை, எலும்புக்கு ஒன்றும் இல்லை. அவன் உட்கார்ந்தபடியே காலை உருவிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னான்:

“எங்கண்ணன் காலு சண்டையில ஒடைஞ்சுது. எங்காலு உங்க கிரவுண்டுல ஒடையோணுங்களா?”

மற்ற பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இடத்தில் நான் எதை மறைத்திருக்கிறேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு நடந்த யுத்தம் முடிந்த கையோடு வந்த சீசன் அது. கிழக்குப் பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் நான் மார்க்கராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கோடு போடுவது, வலை கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது, தையல் விட்டால் மெழுகு நூல் போட்டுத் தைப்பது, இதெல்லாம் மார்க்கர் வேலை. படிப்பு எட்டாவதோடு சரி. பிழைப்பு கொடுத்தது மாரியம்மன் என்று இன்றைக்கும் நம்புகிறவன் நான்.

1. நான் செய்த தப்பு

யுத்த சமயத்தில் என்.சி.சி. பையன்கள் பயிற்சிக்காக மைதானத்தில் பதுங்குகுழி வெட்டினார்கள். தெற்கு கோலுக்கு முன்னால், நாலடி அகலம், இடுப்பளவு ஆழம். வெட்டியவர்களில் பொன்னுசாமியும் ஒருவன். சண்டை ஓய்ந்ததும் மூடுகிற வேலை எனக்கு வந்தது.

நான் குடியானவன் வீட்டுப் பிள்ளை. எனக்குத் தெரிந்த மண்வேலை வரப்பு வைப்பதுதான். தண்ணீர் விட்டு, சேறாக மிதித்து, பூசி மெழுகிவிட்டேன். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. எங்கள் பக்கம் கரிசல் பூமி. தை வெயிலில் காய்ந்ததும் கை நுழைகிற அளவுக்கு வெடித்துவிட்டது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வேலை நிரந்தரம் ஆகவில்லை என்ற பயத்தில் ஆற்று மணலை அள்ளி வெடிப்பில் தூவி மூடிவிட்டேன்.

பொன்னுசாமியின் அண்ணன் பட்டாளத்துக்காரர். முழங்காலுக்குக் கீழே குண்டடி பட்டு, மாவுக்கட்டோடு ஊருக்கு வந்திருந்தார். பஸ்ஸில் ஏற முடியாது. காலேஜ்களுக்குள் நடக்கும் நாக்-அவுட்டில் எங்கள் முதல் மேட்ச் எங்கள் மைதானத்திலேயே என்று முடிவாகியிருந்ததால், தம்பி ஆடுவதை அவர் வண்டி கட்டி வந்து பார்க்கலாம். அதைத்தான் பொன்னுசாமி நாள் எண்ணிக் காத்திருந்தான். வெள்ளிக்கிழமை ரெஃப்ரி வந்து மைதானத்தைப் பார்ப்பார். சரியில்லை என்றால் மேட்ச் பாலக்காடு டவுனுக்குப் போய்விடும்.

பொன்னுசாமியின் கால் மண்ணுக்குள் போனது திங்கட்கிழமை. அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் கோவிலுக்குப் போனேன். அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நேரே பி.டி. சார் வீட்டுக்கு நடந்தேன். அவர் மலையாளி, எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர்.

“சார், மணலைப் போட்டு மறைச்சது நானுங்க.”

“எனிக்கு அறியாம் எடோ, எனக்குத் தெரியும். ஒரு இடத்தில மட்டும் மணல் மின்னினா எனக்குத் தெரியாதா? நீயே வந்து சொல்லட்டும்னு இருந்தேன். வராம இருந்திருந்தா, நாளைக்கு வேற மார்க்கர் பார்த்திருப்பேன். சரி, இனி எந்தா வழி?”

2. ஆடுகள் வந்தன

ரோலர் ஐந்தடி அகலம். நாலடிக் குழிக்குள் இறங்காது, இரண்டு கரையிலும் ஏறி நின்றுகொள்ளும். மனுஷக் கால் மிதித்தால் மேல்மண் மட்டும்தான் இறுகும். மறுநாள் காலையில் யோசித்துக்கொண்டே வந்தபோது எங்கள் ஊர்க் காளியப்பண்ணனின் செம்மறி ஆடுகள் எதிரே போயின. ஒரே தடத்தில் நூறு ஆடு நடந்தால் அந்தத் தடம் கட்டாந்தரை ஆகிவிடும், அது நான் சின்ன வயதிலிருந்து பார்த்தது.

“ஏனுங்ணா, உங்க ஆட்டை மூணு நாளைக்குக் கிரவுண்டுல நடக்க விடுவீங்களா?”

“பந்தடிக்கறதுக்கா? பதினோரு பேரு பத்தலியாக்கு?”

விஷயத்தைச் சொன்னேன். வேலியோரத்துப் புல்லை மேய்த்துக்கொள்ளலாம் என்றதும் சம்மதித்தார்.

பொன்னுசாமியிடமும் மணல் போட்டு மூடியதைச் சொன்னேன். அவனும் நானும் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினோம். கட்டியை உடைத்து, கரிசலோடு செம்மண்ணும் பருமணலும் கலந்து, அரைச் சாண் போட்டோம். தண்ணீர் தெளித்ததோடு சரி, ஊற்றவில்லை. அதன்மேல் ஆடுகளை வரிசையாக இந்த முனையிலிருந்து அந்த முனைக்கும், அங்கிருந்து திரும்பவும் ஓட்டினார் காளியப்பண்ணன். குளம்பு கூர் என்பதால் அடிவரைக்கும் இறுகியது. பிறகு அடுத்த அரைச் சாண்.

பி.டி. சார் வந்து பார்த்துவிட்டு, “எடோ, இது காலேஜோ ஆட்டுச்சந்தையோ?” என்றார்.

“சார், இந்தக் கெடா நல்லா ஹெட் பண்ணுதுங்க. ஃபார்வேர்டுல போட்டுக்கலாம்” என்றான் பொன்னுசாமி.

அவனுடைய கோபம் போய்விட்டது என்று தெரிந்து அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

ஐந்து அடுக்கு ஆயிற்று. வியாழன் சாயங்காலம் புழுக்கை பொறுக்கி, ரோலர் ஓட்டி, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டேன்.

3. வெள்ளியும் சனியும்

ரெஃப்ரி குதிகாலால் அங்கங்கே ஓங்கி மிதித்தார். பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுப் பார்த்தார். குழி இருந்த இடத்திலும் மற்ற இடத்திலும் ஒரே உயரத்துக்கு எழும்பியது. “சரி, கோடு போடுங்கோ” என்றார். அவசரத்தில் அன்று போட்ட முதல் கோடு கொஞ்சம் கோணல். அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன்.

சனிக்கிழமை அண்ணன்காரர் மாட்டுவண்டியில் வைக்கோல் மெத்தைமேல் காலை நீட்டி வந்தார். வண்டியைத் தெற்கு கோல் பக்கத்தில் நிறுத்தினோம். கடைசி நிமிஷங்களில் அந்த இடத்தின் மேலேயே பொன்னுசாமி பாய்ந்து விழுந்து ஒரு பந்தைப் பிடித்தான். ஒரு கோலில் ஜெயித்தோம். அடுத்த மேட்ச் வெளியூரில், மூன்று கோலில் தோற்றோம். அந்த வருஷம் அவ்வளவுதான்.

ஜெயித்த அன்று கூட்டம் கலைந்த பிறகு அண்ணன்காரர் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி ஏதோ குழி வெட்டுனோம்னு எழுதியிருந்தானுங்க. எங்கீங்க அது?”

“இப்ப உங்க தம்பி விழுந்து பந்து புடிச்ச எடந்தானுங்க.”

அவர் வண்டியிலிருந்து எட்டி அந்த இடத்தைப் பார்த்தார். “தெரியவே இல்லீங்களே” என்றார். பிறகு, “நாங்க எல்லையில வெட்டுனதையும் இந்நேரம் யாராச்சும் இப்படி மூடியிருந்தா நல்லாருக்குமுங்க” என்றார்.

மைதான வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கரிசலைச் சேறாக்கி மூடாதீர்கள், அடுக்கடுக்காகப் போடுங்கள். வெடிப்பு கண்டால் மணலைத் தேடாமல் மேலதிகாரியிடம் போய்ச் சொல்லுங்கள். ஒருத்தன் நம்பி விழுகிற இடம் அது.